அட்டைப்பெட்டி பிரிக்காத 22 நாள்: ஒரு பின்னலாடை ஆலையில் நெட்வொர்க் சுவிட்ச் பொருத்த இடம் தயாரான விதம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆலை முதலாளி போனில் அழைத்தார். "சுவிட்ச் மூணும் வந்து இறங்கிருச்சுங்க. நாளைக்கு வந்து மாட்டிக் குடுத்துட்டீங்கன்னா திங்கக்கிழமை கேமராவெல்லாம் ஓட்டிரலாமுங்க." சித்திரை மாதம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். மறுநாள் காலையிலேயே போய்விட்டேன். ஆனால் முதல் சுவிட்ச் (கேமரா, கம்ப்யூட்டர்களைக் கேபிள் வழியாக ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) ரேக்கில், அதாவது சாதனங்களை அடுக்கும் இரும்புச் சட்டத்தில், ஏறியது அங்கிருந்து 22 நாள் கழித்துத்தான். அந்த நாள்களில் என்ன செய்தோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இருக்கும் தம்பிமார் பலர், "இடம் ரெடி" என்று யாரோ சொன்ன ஒரு வார்த்தையை நம்பி டூல் பேக்கோடு கிளம்பிவிடுகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

ஆலை திருப்பூரை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. பெயர் வேண்டாம். பிரதான கட்டடத்தில் தரைத்தளம் துணி வெட்டும் பகுதியும் ஸ்டோரும். முதல் மாடி தையல். இரண்டாம் மாடியில் செக்கிங், அயர்னிங், பேக்கிங். முற்றத்தைத் தாண்டி நிட்டிங் ஷெட். வந்திறங்கியவை 48 போர்ட் பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் கொடுக்கும் வகை) சுவிட்ச் இரண்டு, 24 போர்ட் சுவிட்ச் ஒன்று. பிரதான கட்டடத்தில் 41 கேமரா, 9 வைஃபை அக்சஸ் பாயிண்ட், கைரேகை மெஷின்கள், ஆபீஸ் கம்ப்யூட்டர்கள். ஷெட்டில் 6 கேமரா.

இதற்கு முன்னால் 14 மாதத்தில் அங்கே இரண்டு சுவிட்ச் செத்திருந்தன. "பொருள் சரியில்லைங்க. அதனாலதான் இந்தத் தடவை வெல கூடுனதா பாத்து வாங்கிருக்கோம்" என்றார் முதலாளி. செத்த சுவிட்சுகளைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். நல்லவேளை, ஸ்டோரில் ஒரு மூலையில் கிடந்தன. புதுப் பெட்டிகளை அப்படியே வைக்கச் சொல்லிவிட்டு, பழையதை மேஜைமேல் வைத்துக் கழற்றினேன்.

செத்த சுவிட்சுகள் சொன்னது

முதல் சுவிட்சின் மூடியைத் தூக்கியதும் உள்ளே சர்க்யூட் போர்டே தெரியவில்லை. பஞ்சுத் தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்து, கம்பளி மாதிரி இறுகிப்போயிருந்தது. நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வந்தது. ஃபேன் இறக்கையைச் சுற்றி நூல் நூலாகத் திரிந்து, கையால் தள்ளினாலும் சுற்றவில்லை. பவர் சப்ளையில் இரண்டு கெபாசிட்டர் தலை உப்பி வெடித்திருந்தது. பனியன் ஆலையில் இந்தத் தூசிக்குத் தப்பிய இடம் இல்லை. அதோடு அயர்னிங் பகுதியின் நீராவி ஈரமும் சேர்ந்தால் அந்தப் பஞ்சே லேசாக மின்சாரம் கடத்த ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது சுவிட்ச் உள்ளே ஓரளவு சுத்தம். பவர் கொடுத்தால் எழுந்துகொண்டது. 24வது போர்ட்டும் அதன் பக்கத்துப் போர்ட்டும் மட்டும் செத்திருந்தன. அந்த 24வது போர்ட்டிலிருந்துதான் நிட்டிங் ஷெட்டுக்கு கேபிள் போயிருக்கிறது. எப்போது நின்றது என்று விசாரித்ததில், ஐப்பசியில் இடி இடித்த ஒரு ராத்திரிக்கு மறுநாள் காலை என்று செக்யூரிட்டி அண்ணன் சொன்னார்.

ஆக ஒன்று வெப்பத்திலும் தூசியிலும் போனது, இன்னொன்று இடியின்போது வெளிக் கேபிள் வழியாகப் பாய்ந்த மின்சாரத்தில் போனது. இரண்டுக்கும் சுவிட்சின் விலைக்கும் சம்பந்தமே இல்லை. இதை முதலாளிக்குப் புரியவைக்க அந்தப் பஞ்சுத் துண்டை அவர் மேஜையில் வைத்தாலே போதுமாக இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரிங்க, என்ன செய்யோணுமோ செய்ங்க" என்றார். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் மீதி எதுவும் நடந்திருக்காது.

நியூட்ரல்

பவர் சப்ளை வெடித்ததற்குத் தூசி மட்டும் காரணமா என்ற சந்தேகம் மனதில் இருந்துகொண்டே இருந்தது. ஆலை எலெக்ட்ரீஷியன் அறுபதை நெருங்கியவர், 20 வருடத்துக்கு மேல் அங்கேயே இருக்கிறார். மல்டிமீட்டரோடு அவருடன் டிபி பாக்ஸ் (மின்சாரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து அனுப்பும் பெட்டி) முன்னால் நின்றேன். காலை பத்தரை மணி, அயர்னிங் டேபிள்கள் அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று ஃபேஸையும் நியூட்ரலோடு (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) அளந்தோம்: 205, 236, 251 வோல்ட். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 27 வோல்ட்.

நெட்வொர்க் சாதனம் வைக்கும் இடத்தில் நியூட்ரல்–எர்த் வோல்டேஜ் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 27 என்றால் நியூட்ரல் எங்கோ விட்டுப் பிடிக்கிறது என்று அர்த்தம். சுமை அதிகமுள்ள ஃபேஸில் வோல்டேஜ் சரிகிறது, மற்ற இரண்டிலும் ஏறுகிறது. ஆபீஸும் பழைய சுவிட்சும் அந்த 251 வோல்ட் ஃபேஸில்தான் இருந்தன. அயர்ன் பாக்ஸ்களின் தெர்மோஸ்டாட் விட்டு விட்டு வெட்டும்போதெல்லாம் அது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்திருக்கும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெயினை நிறுத்திவிட்டு பேனலைத் திறந்தோம். நியூட்ரல் லிங்க்கின் செம்புப் பட்டை ஒரு முனையில் மட்டும் கருநீலமாக நிறம் மாறியிருந்தது. அங்கே வந்து சேரும் கேபிளின் இன்சுலேஷன் அரை அடிக்கு மெழுகு மாதிரி உருகி வழிந்திருந்தது. எலெக்ட்ரீஷியன் ஸ்பேனரை வைத்துத் திருப்பினார். நட்டு ஒன்றரைச் சுற்றுச் சுற்றிய பிறகுதான் இறுகியது. "தம்பி, இத்தன நாளா இது கண்ணுல படலியே" என்றார், குரல் இறங்கி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடுகிறது என்றால் பேனலை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அந்த முனையை வெட்டிப் புது லக் (கேபிள் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோகக் காது) போட்டோம். அயர்னிங் டேபிள்கள் எல்லாம் ஒரே ஃபேஸில் கிடந்ததைப் பிரித்து மூன்றிலும் போட அவருக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. பிறகு அளந்தபோது மூன்று ஃபேஸும் 228க்கும் 232க்கும் நடுவில் நின்றன. நியூட்ரல்–எர்த் 1.4 வோல்ட்.

எர்த் பிட்

எர்த் டெஸ்டர் வைத்துப் பழைய எர்த் குழியைச் சோதித்தால், 19 ஓம் என்று மிக அதிகமாகக் காட்டியது. சித்திரை வெயிலில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. 3 மீட்டர் ஜிஐ பைப்போடு புதிதாக இரண்டு குழி போட்டோம், பெண்டோனைட் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் களிமண்) கலவையை நிரப்பி, ஒன்றுக்கொன்று 6 மீட்டர் தள்ளி. பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரண்டு குழியின் பலன் கிடைக்காது. பைப் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது இடைவெளி வேண்டும்.

இங்கே எனக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் கொஞ்ச நேரம் வாக்குவாதம். "கம்ப்யூட்டர் எர்த்த தனியா வெச்சரலாம் தம்பி, மெசின் எர்த்தோட சேத்தா அந்தக் கோளாறு இதுக்கும் வருமுங்க" என்றார். இந்த எண்ணம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. 'கிளீன் எர்த்' என்று தனிக் குழி போட்டு, கட்டடத்தின் மற்ற எர்த்தோடு சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். இது ஆபத்து. இடி இறங்கும்போதோ பெரிய பழுது வரும்போதோ இரண்டு எர்த்துக்கும் நடுவே நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் வோல்ட் ஏறும். அந்த வித்தியாசம் முழுவதும் ரேக்கைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஆள்மீதோ சாதனத்தின்மீதோதான் விழும். ஒரு கட்டடத்தில் எத்தனை குழி இருந்தாலும் அத்தனையும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். ஐஎஸ் 3043 என்ற எர்த்திங் விதிநூலை போனில் எடுத்துக் காட்டி எலெக்ட்ரீஷியன் அண்ணனோடு உட்கார்ந்து படித்தேன். ஒப்புக்கொண்டு, பழைய குழியோடு அவரே பட்டை போட்டு இணைத்தார். எல்லாம் சேர்ந்து 1.8 ஓம் வந்தது.

அறை

அவர்கள் "ரெடி" என்று காட்டிய இடம் தரைத்தளத்தில் மாடிப்படிக்குக் கீழே. அகலம் 1.2 மீட்டர், ஜன்னல் கிடையாது, சுவருக்கு அந்தப் பக்கம் கழிவறை, தலைக்கு மேலே டேங்க் ஓவர்ஃப்ளோ பைப். சுவரில் 450 மி.மீ. ஆழத்துக்கு 9 யூ (யூ என்பது ரேக்கின் உயர அளவு) ரேக் ஒன்று ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. புது சுவிட்சின் ஆழமே ஏறக்குறைய அவ்வளவு. பின்னால் பவர் கேபிள் வளையவும் காற்று வெளியேறவும் இடமே இருக்காது. மதியம் மூன்று மணிக்கு அங்கே தெர்மாமீட்டர் 43 டிகிரி செல்சியஸ் காட்டியது, அதுவும் சாதனம் எதுவும் ஓடாதபோதே. இந்த சுவிட்ச் உள்ளிழுக்கும் காற்று 45 டிகிரிக்கு மேல் போகக்கூடாது.

மாற்று இடமாகக் கிடைத்தது முதல் மாடியில், அக்கவுண்ட்ஸ் அறைக்குப் பக்கத்தில், சாம்பிள் துணி அடுக்கிவைத்திருந்த அறை. 3.2 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், வடக்குச் சுவர், மேலே தண்ணீர்க் குழாய் எதுவும் இல்லை. 1000 மி.மீ. ஆழமுள்ள ரேக், முன்னால் 900 மி.மீ., பின்னால் 600 மி.மீ. விட்டால் 2.5 மீட்டர். அறையின் நீளவாக்கில் நிறுத்தினால் தாராளம்.

இந்த அறையை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேட்ச் பேனலிலிருந்து (கேபிள்கள் ரேக்கில் வந்து முடியும் பலகை) சுவர் சாக்கெட் வரை 90 மீட்டருக்கு மேல் கேபிள் போகக்கூடாது; இரண்டு பக்கமும் பேட்ச் கார்டு என்ற சின்ன இணைப்புக் கேபிள் சேர்த்து 100. படிக்குக் கீழிருந்து பேக்கிங் மூலைக் கேமரா வரை டேப் வைத்து அளந்தபோது 104 மீட்டர். புது அறையிலிருந்து அதே கேமராவுக்கு 83. வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 62தான் வரும். பீம் ஏறி இறங்குவது, மூலையில் வளைவது, சுவரில் கீழே வருவது எல்லாம் வரைபடத்தில் தெரியாது. நடந்து அளப்பதற்கு மாற்று வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கேபிள்களில் 11 வரிசையை அப்படியே பயன்படுத்தலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள். ஒன்றின் முனையை உரித்து, பிளேடால் கம்பியைச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய மலிவுக் கேபிள். மின்தடை செம்பைவிடப் பாதிக்கு மேல் கூடுதல், பிஓஇ ஏற்றினால் கேபிளே சூடாகும், கேமராவுக்குப் போய்ச் சேரும் வோல்டேஜும் குறையும். பதினொன்றையும் பிடுங்கிவிட்டு, முழுச் செம்பு கேட்-6 கேபிள் இழுத்தோம். சுரண்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும், யாரும் அதைச் செய்வதில்லை என்பது எனக்கு நிஜமான வருத்தம்.

வெப்பக் கணக்கு

ஏசி போட வந்தவர்கள் சுவிட்சின் பவர் சப்ளை லேபிளில் இருந்த வாட்டைக் கூட்டி, அறை அளவையும் சேர்த்து 2 டன் வேண்டும் என்றார்கள். பிஓஇயில் இந்தக் கணக்குத் தவறு. கேமராவுக்குப் போகும் மின்சாரம் கேமராவில்தான் வெப்பமாகும், இந்த அறையில் இல்லை. இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது ஒரு கேமராவுக்கு 12 வாட் என்று வைத்தால் 41க்கு 492 வாட். அக்சஸ் பாயிண்ட் ஒன்றுக்கு 20 என்றால் 180. மொத்தம் 672 வாட் அறையை விட்டு வெளியே போகிறது. உள்ளே தங்குவது சுவிட்சுகள் தமக்காக எடுப்பது சுமார் 220, பிஓஇ மாற்றத்தில் இழப்பது சுமார் 75, யூபிஎஸ் இழப்பு 130, ரெக்கார்டரும் இணையப் பெட்டியும் 110. கூட்டினால் 535 வாட். அதை 3.412ஆல் பெருக்கினால் மணிக்கு 1,825 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு). ஒரு டன் ஏசி மணிக்கு 12,000 பிடியூ இழுக்கும். சுவர் வழியாக வரும் வெயிலைச் சேர்த்தாலும் ஒரு டன்னே தாராளம். மிச்சமான காசில் இரண்டாவதாக இன்னொரு ஒரு டன் ஏசி வாங்கச் சொன்னேன். ஒன்று பழுதானால் மற்றது ஓடும், வாரம் மாற்றி வாரம் ஓட்டலாம்.

ஏசியை எங்கே மாட்டுவது என்பதிலும் நிற்க வேண்டியிருந்தது. அவர்கள் பென்சிலால் குறி போட்டிருந்தது ரேக்கின் நேர் மேலே. வடிகுழாய் ஒரு நாள் அடைத்தால் தண்ணீர் நேராக சுவிட்சுக்குள் போகும். பக்கச் சுவருக்கு மாற்றினோம். கரண்ட் போய் வந்தால் தானாக ஓட ஆரம்பிக்கும் வசதி இரண்டிலும் இருக்கிறதா என்று மெயினை நிறுத்திப் போட்டுப் பார்த்தோம். ஒன்றில் அதை செட்டிங்கில் இயக்க வேண்டியிருந்தது. ராத்திரி எட்டரைக்கு ஆபீஸைப் பூட்டுகிறவர் பழக்கத்தில் எல்லா ஏசியையும் அணைத்துவிட்டுப் போவார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அறையின் ஏசி இணைப்பை ஆபீஸ் போர்டிலிருந்து பிரித்துத் தனி எம்சிபிக்குக் கொண்டுபோனோம்.

தூசிக்கு: ஜன்னலை மூடி இடுக்கு இல்லாமல் அடைத்தோம், கதவின் கீழ் ரப்பர் பட்டை, கேபிள் நுழையும் துளைகளில் ஃபோம். சுவர் துளைப்பது, பெயிண்ட், ஏசி எல்லாம் முடிந்து, அறையை இரண்டு தடவை ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் அட்டைப்பெட்டிகளை உள்ளே விட்டேன். சிமெண்ட் தூசி பஞ்சைவிட மோசம்.

ஷெட்

பழைய வெளிக் கேபிள் முற்றத்தில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டு, 130 மீட்டர் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. 100 மீட்டர் வரம்பையும் தாண்டி, இரண்டு கட்டடத்தின் எர்த்தையும் செம்பால் கட்டிப்போட்ட மாதிரி. ஈதர்நெட் போர்ட்டுக்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் 1,500 வோல்ட் வரை பிரித்து வைக்கும். பக்கத்தில் இடி இறங்கினால் அது எந்த மூலைக்கு? கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் (மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழைக் கேபிள்) மட்டும்தான் என்பதில் நான் பேரம் பேசுவதில்லை. 6 இழை சிங்கிள் மோட், இரும்புக் கவசம் இல்லாத வகை, ஏனென்றால் கவசமும் மின்சாரம் கடத்தும். எலி கடிக்காமல் இருக்க எச்டிபிஇ பைப்புக்குள் போட்டுப் புதைத்தோம்.

ஷெட்டுக்கு வாங்கிய 24 போர்ட் சுவிட்சில் ஃபேன் இருந்தது. பஞ்சு பறக்கும் இடத்தில் ஃபேன் வைத்த எதுவும் நிற்காது. பெட்டி பிரிக்காததால் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். பதிலாக ஃபேன் இல்லாத 12 போர்ட் சுவிட்ச், 50 டிகிரி வரை தாங்கும் வகை. தூசி அதிகம் புகாத ஐபி55 தர இரும்புப் பெட்டிக்குள் வைத்தோம். பெட்டியைத் தேவைக்குப் பெரிதாக வாங்கினேன், இரும்புத் தகட்டின் பரப்பு வழியாகத்தான் வெப்பம் வெளியேற வேண்டும். கணக்குப்படி வெளியைவிட 4, 5 டிகிரி கூட வரும். அளந்தபோது 6 வந்தது. மதியம் ஷெட்டில் 38 என்றால் உள்ளே 44.

மாட்டிய நாள்

22வது நாள், ஞாயிறு. 27 யூ ரேக், 800 மி.மீ. அகலம். பக்கவாட்டில் கேபிள் இறங்க இந்த அகலம் வேண்டும். ஒரு யூ 44.45 மி.மீ., அதில் மூன்று துளை. துளைகளின் இடைவெளி ஒரே சீராக இருக்காது. 15.9, 15.9, பிறகு 12.7. அந்த நெருக்கமான 12.7 இடைவெளியின் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிறது. கூட வந்த தம்பி ஒரு துளை தள்ளி கேஜ் நட் (ரேக் துளையில் சொருகும் நட்டு) போட்டுவிட்டான். பேட்ச் பேனல் எப்படியோ உட்கார்ந்துவிட்டது, அடுத்த சுவிட்ச் 16 மி.மீ. இடித்தது. எட்டு நட்டைக் கழற்றிப் போட்டான். "இனிமே குறிச்சுட்டுப் போடறேங்கண்ணா" என்றான். அடுத்த ரேக்கிலிருந்து மார்க்கரால் யூ கோடு போட்டுத்தான் ஆரம்பிக்கிறான்.

மேலே ஃபைபர் பெட்டி, பேட்ச் பேனல், கேபிள் மேனேஜர், சுவிட்ச் என்ற வரிசை. காலி யூ அனைத்துக்கும் மூடித்தகடு, பின்னால் வரும் சூடான காற்று திரும்ப முன்னால் வராமல் இருக்க. ரேக்கிலிருந்து எர்த் பட்டைக்கு 16 சதுர மி.மீ. பச்சை–மஞ்சள் செம்பு ஒயர். லக் உட்காரும் இடத்தில் ரேக்கின் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகே போல்ட் முடுக்கினோம். பெயிண்டுக்கு மேலே முடுக்கின எர்த்தை எத்தனையோ ரேக்கில் பார்த்துவிட்டேன். கண்ணுக்கு லட்சணமாக இருக்கும், மீட்டர் வைத்தால் தொடர்பே இருக்காது.

ஒவ்வொரு சுவிட்சிலும் பவர் சப்ளை இரண்டு. ஒன்று 3 கேவிஏ யூபிஎஸ்ஸுக்கு, மற்றது சர்ஜ் அரெஸ்டர் (திடீரென்று ஏறும் வோல்டேஜைத் தடுக்கும் சாதனம்) வழியாக ஜெனரேட்டர் லைனுக்கு. இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் சொருகுவதைப் பல இடத்தில் பார்க்கிறேன். அப்புறம் எதற்கு இரண்டு? பேட்டரிகளை ரேக்குக்குள் வைக்காமல் தனி ஸ்டாண்டில் ஏசி காற்று படும்படி வைத்தோம். எட்டு பேட்டரி, 42 ஆம்பியர் மணி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தாங்குகிறது.

பிறகு

ஐப்பசி மழையில் இடி நன்றாகவே இடித்தது. ஒரு போர்ட்டும் போகவில்லை. கார்த்திகையில் போய் அளந்தபோது நியூட்ரல்–எர்த் 1.6 வோல்ட், ரேக் முன்பக்கக் காற்று 24 டிகிரி. எலெக்ட்ரீஷியன் அண்ணன் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் மூன்று ஃபேஸ், நியூட்ரல்–எர்த், அறை வெப்பம், குழிக்குத் தண்ணீர் ஊற்றினாரா என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் கூட ஒரு வாரம் விடவில்லை.

ஒரு விஷயம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. ரேக்குக்குப் பின்னால் விட்ட 600 மி.மீ. இடத்தில் சாம்பிள் துணிப் பெட்டிகள். தரையில் மஞ்சள் கோடு போட்டோம், எழுதி ஒட்டினோம், அடுத்த மாதமே நான்கு பெட்டி. அது பல வருடம் சாம்பிள் அறையாக இருந்த இடம், கை பழகிவிட்டது. கடைசியில் முதலாளியிடம் பேசி, மாடிப்படிக்குக் கீழே முதலில் நமக்குக் காட்டிய அந்த இடத்தில் அலமாரி அடித்து சாம்பிளுக்குக் கொடுத்தார்கள். சுவிட்ச் அறைச் சாவி இப்போது அண்ணனின் சாவிக்கொத்தில் இருக்கிறது.